முழங்காலைச் சுற்றி ஒரு பேனாக் கோடு

அன்று காலை எங்கள் மலையிலிருந்து அடிவாரத்துக் காரவள்ளிக்கு இறங்கும் ரோட்டில் பாதி வளைவுகளைத் தாண்டியிருந்தேன். பிக்கப் வண்டி நிறையக் குச்சிக்கிழங்கு, மரவள்ளிதான், மூட்டை மூட்டையாக. மூட்டைகளின் மேல் சேந்தமங்கலம் போகிறவர்கள் நாலைந்து பேர். என் பக்கத்து சீட்டில் என் மனைவி சின்னப்பொண்ணு. முன்னால் ஒன்றும் தெரியவில்லை. பனிமூட்டம் கண்ணாடியில் வந்து சாய்வதும் விலகுவதுமாக இருந்தது. அந்த ரோடு எனக்குக் கண்ணை மூடினாலும் தெரியும். கலியாணத்துக்கு முன்பிருந்தே மலை மேல் எங்கள் எடப்புளி நாட்டுக் கிழங்கையும் மிளகையும் அடிவாரத்துக்கு இறக்குவதுதான் என் பிழைப்பு.

ஒரு வளைவில் பிரேக்கை மிதித்தேன். வலது காலின் பெருவிரல் மூட்டுக்குள் யாரோ கண்ணாடித் தூளைக் கொட்டி நெரித்தது மாதிரி இருந்தது. விடிகாலையில் எழுந்தபோதே அந்த விரல் கடுத்தது. எங்கேயாவது கல்லில் இடித்திருப்பேன் என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். இப்போது காலை எடுத்தாக வேண்டும், எடுத்தால் வண்டி போய்விடும். இடது காலைக் கிளட்சிலிருந்து தூக்கிப் பிரேக்கில் வைத்து அமுக்கினேன். வண்டி ஒரு உலுக்கு உலுக்கி அணைந்து, மலைப்பக்கத்துச் சுவரை உரசிக்கொண்டு நின்றது. மூட்டை மேல் இருந்தவர்கள் கத்தினார்கள்.

"ஏனுங்க, என்னாச்சுங்க?" என்றாள் சின்னப்பொண்ணு.

காலைக் காட்டினேன். பெருவிரலின் அடிமூட்டு பழுத்த தக்காளி போல மினுமினுத்தது. அவள் விரலை நீட்டித் தொட வந்தாள். தொடுவதற்கு முன்பே நான் "வேண்டாம்" என்று அலறியதாக அவள் பிற்பாடு சொன்னாள். எனக்கு நினைவில் இருப்பது பனிமூட்டத்துக்குள் எங்கேயோ ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு மேலேறி வந்த சத்தம் மட்டும்தான்.

வேறொரு டிரைவர் வந்து வண்டியைக் கீழே இறக்கினார். அன்றைக்கே அடிவாரத்து ஆஸ்பத்திரியில் காட்டினோம். பெஞ்சில் என் வலது செருப்பைச் சின்னப்பொண்ணு மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் இருந்தவர் குனிந்து என் காலைப் பார்த்துவிட்டு, "பாம்புங்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "தேளுங்களா?" என்றார். எனக்கே தெரியாத ஒன்றை அவருக்கு எப்படிச் சொல்வது?

டாக்டரம்மா வயதில் சின்னவர். ரத்தம் எடுக்கச் சொல்லி, முடிவு வந்ததும் எங்கள் இரண்டு பேரையும் உட்காரவைத்துச் சொன்னார்.

"இதுக்குப் பேரு கௌட்டுங்க. யூரிக் ஆசிட்னு ஒண்ணு எல்லார் உடம்புலயும் உண்டாகும். அது கழிவு. சிறுநீரகம் அதை மூத்திரத்துல தள்ளிடணும். உங்களுக்குத் தள்றது பத்தலை. ரத்தத்துல அது ஆறுக்குக் கீழ இருக்கணும், உங்களுக்கு ஒம்பதுக்கு மேல இருக்குது. மிச்சமானது மூட்டுல போய் ஊசி ஊசியா உறைஞ்சிருக்குது."

"விரலுக்கு ஏனுங்க வந்துச்சு?"

"உடம்புலயே குளிர்ந்த இடம் கால் விரல்தானுங்க. குளிர்ந்த இடத்துல சீக்கிரம் உறையும்."

எனக்கு உடனே தேன் ஞாபகம் வந்தது. மார்கழிக் குளிரில் எங்கள் ஊட்டில் தேன் பாட்டிலின் அடியில் வெள்ளை வெள்ளையாகப் பூத்துக் கிடக்கும். வெயிலில் வைத்தால் கரையும். என் ரத்தம் அப்படி ஒரு பாட்டில் என்று நினைத்துக்கொண்டேன். அந்த நினைப்பு பயமாக இல்லை, கொஞ்சம் அழகாகக்கூட இருந்தது.

கறி நிறையத் தின்பீர்களா, குடிப்பீர்களா என்று கேட்டார். நோம்பிக்கு நோம்பி, பண்டிகை நாளில்தான் என்றேன். உண்மையும் அதுதான். அவர் எழுந்து வந்து என் காது மடலை இரண்டு விரலால் தடவினார். ஓரிடத்தில் நிறுத்தி, "இங்க தொட்டுப் பாருங்க" என்றார். கம்பு மணி அளவுக்குக் கெட்டியாக ஏதோ உருண்டது. அதுவும் உறைந்த யூரிக் ஆசிட்தானாம். "உங்க வம்சத்துல யாருக்காச்சும் இப்படி இருந்துச்சுங்களா?"

எங்கப்பன் என்னைத் தோளில் உட்காரவைத்துச் சந்தைக்குக் கூட்டிப்போவார். விழாமல் இருக்க நான் அவர் காதைப் பிடித்துக்கொள்வேன். அந்தக் காதில் மணி மணியாக இருக்கும். போகும் வழியெல்லாம் அதை உருட்டிக்கொண்டே போவேன். அப்பன்களுக்கெல்லாம் காது அப்படித்தான் இருக்கும் என்று நினைத்திருந்தேன். மழைக்காலத்தில் அவர் காலைத் துணியில் சுற்றிக்கொண்டு மூலையில் படுத்திருப்பார். வாதம் என்பார்கள். அவருக்கு யாரும் ரத்தம் எடுத்துப் பார்க்கவில்லை.

வலிக்கு ஒரு மாத்திரை கொடுத்தார்கள். வலி அடங்கிக் கொஞ்ச நாள் கழித்து இன்னொன்று. அலோபூரினால் என்று பெயர். அது யூரிக் ஆசிட் உண்டாவதைக் குறைக்கும், தினமும் சாப்பிட வேண்டும், வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும் சாப்பிட வேண்டும். ஆரம்பத்தில் சில மாதம் வலி திரும்பவும் வரலாம், அப்போதும் நிறுத்தக் கூடாது என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். நாங்கள் காதில் வாங்கவில்லை. வலி போன சந்தோஷத்தில் பஸ் பிடிக்கிற அவசரம்.

சொன்னபடியே வந்தது. ஒரு நாள் காலையில் அதே விரல், அதே சிவப்பு. சின்னப்பொண்ணு கட்டிலின் ஓரத்தில் நின்று என் காலையும் மாத்திரை அட்டையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இத்தனை நாளா மாத்திரை சாப்பிட்டும் வருதுன்னா, அந்த மாத்திரைதானுங்க இழுத்துட்டு வருது" என்றாள்.

அதற்கப்புறம் அட்டை கண்ணில் படவில்லை. தீர்ந்துவிட்டது போல என்று நானும் விட்டுவிட்டேன். விரல் தானாக அடங்கியது. மறுபடி வண்டியை எடுத்தேன். மிளகு பறிப்பு சமயம் அது. மூட்டை ஏற்றி இறக்கி ஓடிக்கொண்டிருந்ததில் காலை மறந்தே போனேன்.

அப்புறம்தான் முழங்கால். இந்தத் தடவை காய்ச்சலும் சேர்ந்து வந்தது. முழங்கால் பூசணிப் பிஞ்சு மாதிரி உப்பி, மேலே தொடை வரை சிவப்பு ஏறியிருந்தது. மடக்கவும் முடியவில்லை, நீட்டவும் முடியவில்லை. ஒரு வண்டியில் என்னைப் படுக்கவைத்து இறக்கினார்கள். நானே ஓட்டிய ரோட்டில் நான் படுத்துக்கொண்டு போவது அதுதான் முதல் தடவை. ரோடு தெரியவில்லை. மரங்களின் உச்சிதான் தெரிந்தது. ஒவ்வொரு வளைவிலும் வானம் ஒரு பக்கமாகச் சாய்ந்து, பிறகு மெதுவாக மறு பக்கம் சாய்ந்தது. சில்வர் ஓக் மரங்கள் தலைகீழாகத் தொங்கி ஓடின. வளைவு முடியவே முடியாது என்று தோன்றியது. முடியாவிட்டாலும் பரவாயில்லை என்றும் தோன்றியது. காய்ச்சல் மனிதனை அப்படி ஆக்கிவிடும்.

வார்டில் எனக்கு ஜன்னலோரக் கட்டில் கிடைத்தது. எங்களைப் பார்த்துக்கொண்ட நர்ஸ் பெயர் மலர்க்கொடி. அடிவாரத்துக்காரர், நாற்பதை ஒட்டிய வயது. வந்ததும் புறங்கையை என் முழங்காலின் மேல் தொட்டும் தொடாமலும் வைத்துச் சூடு பார்த்தார். மறு முழங்காலிலும் வைத்துப் பார்த்தார். பிறகு பையிலிருந்து ஒரு நீலப் பேனாவை எடுத்தார்.

"அண்ணா, கூசும், ஆடாதீங்க."

சிவப்பு எங்கே முடிகிறதோ அந்த ஓரத்தை ஒட்டிக் காலைச் சுற்றி ஒரு கோடு வரைந்தார். தொடையில் மேலேறி, பக்கவாட்டில் இறங்கி, ஆடுசதையில் வளைந்து வந்தது கோடு.

"இது எதுக்குங்க?" என்றாள் சின்னப்பொண்ணு.

"சிவப்பு கோட்டைத் தாண்டி வெளிய போச்சுன்னா மருந்து கேக்கலைன்னு அர்த்தமுங்க அக்கா. உள்ள வாங்குச்சுன்னா கேக்குதுன்னு அர்த்தம். வலி ஒரு சமயம் கூடும், ஒரு சமயம் கொறையும், அதை நம்ப முடியாது. கோடு பொய் சொல்லாது."

போர்வை நுனி பட்டாலே உயிர் போனது. மலர்க்கொடி சிஸ்டர் மருந்து வந்த ஒரு அட்டைப்பெட்டியின் இரண்டு பக்கத்தை வெட்டி, கூடாரம் போல என் கால் மேல் கவிழ்த்து, அதன் மேல் போர்வையைப் போட்டார். அதற்குள் என் கால் தனி ஊடு கட்டிக்கொண்டு கிடந்தது.

காய்ச்சல் இருந்ததால் டாக்டரம்மாவுக்கு ஒரு சந்தேகம். அது கௌட்டாக இருக்கலாம், இல்லாவிட்டால் மூட்டுக்குள் கிருமி புகுந்து சீழ் பிடித்திருக்கலாம். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்று போலவே இருக்குமாம். சீழ் என்றால் மூட்டைத் திறந்து கழுவ வேண்டும், நாள் கடத்தினால் மூட்டே வீணாகிவிடும். ஊசி போட்டு உள்ளே இருக்கும் நீரை எடுத்துப் பார்த்தால்தான் தெரியும் என்றார்.

சின்னப்பொண்ணு என் தலைமாட்டில் நின்று இரண்டு கையாலும் என் கண்ணை மூடிக்கொண்டாள். கை மிளகு வாசனை அடித்தது. நான் அந்த இருட்டுக்குள் வண்டி ஓட்டினேன். கிளட்ச், கியர், பிரேக். மறுபடி கிளட்ச். அவள் கையை எடுத்தபோது சிரிஞ்சு நிறையக் கலங்கலான மஞ்சள் நீர் இருந்தது. பாரம் இறங்கியதில் முழங்கால் கொஞ்சம் மூச்சு விட்டது.

பிற்பகலில் சிஸ்டர் சக்கர நாற்காலியில் என்னை எக்ஸ்ரேவுக்குத் தள்ளிக்கொண்டு போனார். வழியில் லேப். மைக்ராஸ்கோப்பின் முன்னால் உட்கார்ந்திருந்தவர் எங்களைப் பார்த்ததும் கையசைத்துக் கூப்பிட்டார்.

"உங்க முழங்காலுங்களா இது? வந்து பாருங்க."

நாற்காலியை ஒட்டி நிறுத்தி என்னை முன்னால் சாயவைத்தார்கள். முதலில் என் கண் இமைதான் தெரிந்தது. பிறகு ஒரு வட்டமான வெளிச்சம். அதற்குள் மெல்லிய ஊசிகள். மூங்கில் சிராய் போல இரண்டு முனையும் கூராக, குறுக்கும் நெடுக்குமாகக் கிடந்தன. சில ஊசிகள் மெதுவாக நகர்ந்தன. சத்தமே இல்லாத இடம் அது. வெள்ளாமை அறுத்த காட்டில் பனி இறங்கிய காலை மாதிரி இருந்தது. என்னை அலறவைத்தது இவ்வளவு அமைதியாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. போதும் என்று சிஸ்டர் சொல்லும் வரை பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"ஊசி இருக்குது, அப்ப கௌட்டுதான். ஆனா கிருமியும் சேர்ந்து இருக்கலாம். அதை வளர விட்டுப் பாக்கோணும், ரெண்டு மூணு நாளாகும்" என்றார் லேப்காரர்.

அந்த நாட்களை நான் பாதி தூக்கத்தில்தான் கழித்தேன். சேந்தமங்கலத்தில் கட்டிக்கொடுத்த மகள் சாமைக் கஞ்சி கொண்டுவந்து ஊட்டிவிட்டுப் போவாள். யார் ஊட்டினார்கள் என்பதே சில சமயம் குழம்பிவிடும். ஜன்னலில் மலை தெரியும். அது சில வேளை வார்டுக்குள் வந்து என் கட்டிலின் காலடியில் நிற்கும், சில வேளை பின்வாங்கிப் போய்விடும். முழங்காலில் வரைந்த நீலக் கோடு கனவில் ஒரு ஏரியின் கரையாக வந்தது. ஏரியில் சிவப்புத் தண்ணீர். நான் கரை மேல் வண்டி ஓட்டுகிறேன். தண்ணீர் ஏறுமா இறங்குமா என்று கரையோரம் நிற்பவர்களைக் கேட்கிறேன். அவர்கள் எல்லோருக்கும் எங்கப்பனின் காது இருக்கிறது.

காலையில் கண் விழித்தால் மலர்க்கொடி சிஸ்டர் நிற்பார். "வலி பத்துக்கு எவ்வளவு தருவீங்க அண்ணா?" என்பார். நான் ஒரு எண் சொல்வேன். புறங்கையால் சூடு பார்ப்பார். தையல்காரர் டேப்பால் முழங்காலைச் சுற்றி அளப்பார். எவ்வளவு தண்ணீர் குடித்தேன், எவ்வளவு மூத்திரம் போனது என்று கேட்பார். வயிறு இளகிப் போகிறதா என்றும் கேட்பார். வீக்கத்துக்குக் கொடுத்த கோல்ச்சிசின் என்ற மாத்திரை அதிகமானால் முதலில் வயிற்றைத்தான் கலக்குமாம். கடைசியில் அட்டைப்பெட்டியைத் தூக்கிக் கோட்டைப் பார்ப்பார். அப்போது சின்னப்பொண்ணும் குனிவாள். மூன்று பேரும் ஒரு கிணற்றுக்குள் எட்டிப் பார்ப்பது போலப் பார்ப்போம்.

ஒரு காலை கோட்டுக்கும் சிவப்புக்கும் நடுவில் ஒரு விரற்கடை தோல், என் தோலின் நிறத்திலேயே இருந்தது.

"உள்ள வாங்கிருச்சுங்க" என்று சின்னப்பொண்ணுதான் முதலில் சொன்னாள். சொல்லிவிட்டு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். கிருமி வளரவில்லை என்ற சேதியும் மறுநாள் வந்தது. மூட்டைத் திறக்க வேண்டியதில்லை.

அதோடு தீரவில்லை. டாக்டரம்மா மறுபடி யூரிக் ஆசிட் பார்க்கச் சொல்லியிருந்தார். முடிவில் அது ஆறுக்குப் பக்கத்தில் இருந்தது. சின்னப்பொண்ணுக்குக் கோபம் வந்துவிட்டது.

"ரத்தத்துல சரியா இருக்குதுன்னு சொல்றீங்க. காலு இந்தக் கெதில கெடக்குது. எதைங்க நம்பறது?"

டாக்டரம்மா அவளை உட்காரச் சொன்னார். "வலி உச்சத்துல இருக்கறப்ப ரத்தத்துல இருக்கிற அளவு சில பேருக்குத் தானா எறங்கிக் காட்டுமுங்க. அது நெச அளவு இல்லை. வலி அடங்கி ரெண்டு வாரம் கழிச்சுப் பாத்தாத்தான் தெரியும். சரி, ஊட்டுல அந்த தினசரி மாத்திரையை விடாமச் சாப்பிட்டாருங்களா?"

நான் தீர்ந்துபோச்சு என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் சின்னப்பொண்ணு சொன்னாள்.

"தீரலைங்க. நாந்தான் எடுத்துத் தெனைப் பானைக்குள்ள போட்டுட்டேன்."

அவள் தரையைப் பார்த்துக்கொண்டே தொடர்ந்தாள். அவளுக்கு ஒரு தம்பி இருந்தான். வலிப்பு வருகிறது என்று எங்கேயோ மாத்திரை வாங்கிக் கொடுத்தார்கள். கொஞ்ச நாளில் உடம்பெல்லாம் சிவப்புத் தடிப்பு, வாயெல்லாம் புண், கண் ஒட்டிக்கொண்டது. சூடு என்று நினைத்து இளநீர் கொடுத்துக்கொண்டே மாத்திரையையும் கொடுத்தார்கள். தோல் உரிந்து செத்துப்போனான். இத்தனை வருஷத்தில் அவள் தம்பி காய்ச்சலில் போனான் என்றுதான் என்னிடம் சொல்லியிருந்தாள்.

"மாத்திரைய நானே என் கையால ஊட்டுனனுங்க" என்றாள்.

மலர்க்கொடி சிஸ்டர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். பயப்படாதீங்க என்று சொல்லவில்லை. "நீங்க பயப்படறது சரிதானுங்க அக்கா" என்றார். "இந்த மாத்திரைக்கும் ஆயிரத்துல ஒருத்தருக்கோ என்னமோ அந்த மாதிரி தடிப்பு வரும். வந்தா முதல் சில மாசத்துலதான் வரும். அன்னைக்கே நிறுத்திட்டு ஓடி வந்துட்டா ஆபத்து ரொம்பக் கொறையும். உங்க தம்பிக்கு அதை யாரும் சொல்லலை. உங்களுக்கு நாங்க சொல்றோம்."

டாக்டரம்மாவும் சொன்னார். மாத்திரை இல்லாவிட்டால் இந்த ஊசிகள் மூட்டைத் தின்றுகொண்டே இருக்கும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். சின்ன அளவில் ஆரம்பித்து, ரத்தம் பார்த்துப் பார்த்து ஏற்றலாம். ஆரம்பத்தில் ஏன் வலி வருகிறது என்று நான் கேட்டேன். பழையது கரைந்து இடம் பெயரும்போது மூட்டுக்கு அது புதிதாக வந்தது போலத் தெரியுமாம். எனக்குப் புரிந்தது. எங்கள் ரோட்டில் முதல் மழைக்குத்தான் மண் சரியும். அதற்காக மழையே வேண்டாம் என்று சொல்ல முடியுமா? சின்னப்பொண்ணிடம் அப்படிச் சொன்னேன். அவள் கொஞ்சம் யோசித்தாள்.

"நான் தெனமும் பாப்பேன். ஒரு பொட்டுத் தெரிஞ்சாலும் கூட்டிட்டு வருவேன். வேண்டாம்னு சொல்லக்கூடாதுங்க."

"வாங்க அக்கா. நடுராத்திரியானாலும் சரி, சும்மா ஒரு கொசுக்கடியானாலும் சரி" என்றார் சிஸ்டர்.

ஊடு திரும்பி, வலி நன்றாக அடங்கியதும் சின்ன அளவு மாத்திரை ஆரம்பமானது. வண்டியை உறவுக்காரன் ஒருத்தன் ஓட்டினான். கால் பிரேக்கில் பிசகினால் போவது என் உயிர் மட்டுமில்லை, அதனால் டாக்டரம்மா சொல்லும்வரை சாவியைத் தொடுவதில்லை என்று நானே முடிவு செய்திருந்தேன்.

அந்த மாதங்களின் காலைகளை என்னால் மறக்க முடியாது. வெயில் ஏறி ஊட்டு முன்னால் விழுகிற நேரம் சின்னப்பொண்ணு என்னைச் சட்டையைக் கழற்றி நிற்கச் சொல்வாள். முதுகு, நெஞ்சு, கக்கம், முழங்கை மடிப்பு. திரும்பச் சொல்வாள், திரும்புவேன். வாயைத் திறக்கச் சொல்லி நாக்கைப் பார்ப்பாள். கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்ப்பாள். கலியாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் என்னை இவ்வளவு நேரம் பார்த்ததில்லை. என் முதுகில் ஒரு மச்சம் இருப்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. காப்பிச் செடிகளுக்கு நடுவில் பனி கலைந்துகொண்டிருக்கும். எங்கேயோ கோழி கேறும். அவள் விரல் குளிர்ச்சியாக ஊர்ந்துகொண்டே போகும். பாதித் தூக்கத்தில் நிற்பது போல நிற்பேன்.

"ஒண்ணுமில்லீங்க" என்று சொல்லி முதுகில் ஒரு தட்டுத் தட்டுவாள். அதற்குப் பிறகுதான் மாத்திரை என் கைக்கு வரும்.

இடையில் ஒரு தடவை விரல் கடுத்தது. கோல்ச்சிசின் கொடுத்திருந்தார்கள், தண்ணீரும் நிறையக் குடித்தேன். பழைய மாதிரி சிவக்காமல் இரண்டு நாளில் அடங்கியது. சின்னப்பொண்ணு மாத்திரையை ஒளிக்கவில்லை. ஆனால் அந்த இரண்டு நாளும் என்னோடு அதிகம் பேசவும் இல்லை.

பிறகு ஒரு மத்தியானம் கையில் தடிப்பு வந்தது. முழங்கைக்குக் கீழே, திட்டுத் திட்டாக, சிவப்பாக. நான் பார்ப்பதற்கு முன் அவள் பார்த்துவிட்டாள். கையில் இருந்த சொம்பு கீழே விழுந்தது. என் சட்டையை எடுத்துக் கொடுத்தாள். பஸ்ஸில் ஜன்னலோரம் என்னை உட்காரவைத்து, வழி நெடுக அந்தக் கையைத் தன் மடியில் பிடித்துக்கொண்டு வந்தாள். ஒவ்வொரு வளைவிலும் தடிப்பு கூடியிருக்கிறதா என்று பார்த்தாள். எனக்கும் பயம்தான். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, காட்டிக்கொள்ளாமல் வந்தேன்.

மலர்க்கொடி சிஸ்டர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வாயைத் திறக்கச் சொன்னார், கண்ணைப் பார்த்தார், காய்ச்சல் பார்த்தார். டாக்டரம்மாவைக் கூப்பிட்டார். அவரும் பார்த்தார்.

"இன்னைக்குக் காலைல என்ன வேலை செஞ்சீங்க?"

"சும்மா இருக்க முடியலைங்க. மிளகுக் கொடி அடியில களை புடுங்குனேன்."

"என்ன களைங்க?"

யோசித்தேன். "காஞ்சொறி கொஞ்சம் இருந்துச்சுங்க."

மலையில் பிறந்த ஒருத்தனுக்குக் காஞ்சொறி பட்டால் அரிக்கும், தடிக்கும் என்பது தெரியாதா? தெரியும். மாத்திரைப் பயம் அதை மறைத்துவிட்டது. டாக்டரம்மா உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினார். சின்னப்பொண்ணு சிரிக்கவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். தம்பிக்காக அவள் அழுததை நான் பார்த்ததே இல்லை, அன்றைக்குப் பார்த்தேன். சிஸ்டர் வார்டு வேலையை விட்டுவிட்டு அவள் பக்கத்திலேயே இருந்தார்.

"இப்படித்தான் வரோணும் அக்கா. நூறு தடவை காஞ்சொறியா இருந்தாலும் நூறு தடவையும் வரோணும்."

வந்ததே வந்தோம் என்று ரத்தமும் எடுத்தார்கள். யூரிக் ஆசிட் ஏழுக்குக் கீழே வந்திருந்தது, ஆறைத் தொடவில்லை. சிறுநீரகம் நன்றாக இருந்தது. மாத்திரையை ஒரு படி ஏற்றினார்கள். அடுத்த முறை போனபோது ஐந்தரை. டாக்டரம்மா அந்தத் தாளை எங்கள் பக்கம் திருப்பி வைத்து, "மருந்து கேக்குதுங்க" என்றார். வண்டி எடுக்கலாமா என்று கேட்டேன். எழுந்து நிற்கச் சொன்னார், பெருவிரல் நுனியில் எம்பச் சொன்னார். எம்பினேன். காலி வண்டியில் ஆரம்பித்து, பிறகு லோடு ஏற்றுங்கள் என்றார். மாத்திரை மட்டும் வாழ்நாள் முழுக்க என்றார். வாழ்நாள் என்ற சொல்லைக் கேட்டு எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கொஞ்ச நாளாக அந்தச் சொல்லை நான் நினைத்துப் பார்க்கவே இல்லை.

இதைப் படிப்பவர்களில் யாருக்காவது இந்த நோய் இருக்கலாம். அவர்களுக்கு நான் பட்ட ஒன்றைச் சொல்லலாம். வலி இல்லாத நாளில் மருந்து வீண் என்று தோன்றும். வலி வந்த நாளில் மருந்து பொய் என்று தோன்றும். இரண்டும் நம்மை ஏமாற்றும். தடிப்போ வாய்ப்புண்ணோ வந்தால் மட்டும் காத்திருக்காமல் ஓடிப்போய்க் காட்ட வேண்டும். மற்றபடி மாதக்கணக்கில் பொறுத்திருந்துதான் இதற்குப் பதில் தெரிந்துகொள்ள முடியும்.

போன வாரம் லோடு இறக்கிவிட்டு வந்து மத்தியானம் கட்டிலில் நீட்டிப் படுத்திருந்தேன். வெளியே தூறல். கண் சொருகிக்கொண்டு வந்தது. சின்னப்பொண்ணு முறத்தில் மொச்சையை அள்ளிக்கொண்டு வந்து கட்டிலின் கடைசியில் உட்கார்ந்தாள். பக்கத்துக் காட்டுக்காரர் மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு தூரத்துப் பைல் நாடு வரைக்கும் போய்விட்ட கதையைச் சொல்லிக்கொண்டே உரித்தாள். சொல்லச் சொல்லச் சிரிப்பு வந்து பின்னால் சாய்ந்தாள். கதை முடியவில்லை, அப்படியே சாய்ந்தபடி உரித்தாள். மாட்டைத் தேடிப் போனவர்கள் வழி தப்பிய இடம் வந்தபோதுதான் எனக்கு உறைத்தது. அவள் முதுகின் பாரம் முழுக்க என் வலது கால் விரல்களின் மேல் இருந்தது.

நான் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் எழுந்துவிடுவாள்.